வீட்டு மராமத்து: எதில் நாமே கை வைக்கலாம், எதற்கு ஆள் கூப்பிட வேண்டும்?

சென்னையோ மதுரையோ கோவையோ, இருபது முப்பது வருடப் பழைய வீட்டைப் புதுப்பிக்க நம் ஊரில் மூன்று வழிகள் உண்டு. பிரஷ்ஷையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டு நாமே இறங்குவது ஒன்று. பொருளை நாம் வாங்கிப் போட்டு, கொத்தனார், பிளம்பர், டைல்ஸ் ஒட்டுபவர் என்று ஆட்களைப் பிடித்து வேலை வாங்குவது இரண்டாவது. லேபர் கான்ட்ராக்ட் என்பார்கள். பொருள், கூலி, மேற்பார்வை எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் மொத்தமாக ஒப்படைப்பது மூன்றாவது.

“கான்ட்ராக்டர் எதுக்கு, நாமளே பாத்துக்கலாம்” என்று சொல்பவர்களில் பெரும்பாலோர் செய்யப்போவது இரண்டாவதைத்தான். அதில் மிச்சமாகும் பணம் பெரும்பாலும் மேற்பார்வைக்கான கூலி. அந்த வேலை எங்கேயும் போய்விடவில்லை, உங்கள் தலைக்கு வந்திருக்கிறது. காலை ஒன்பதரைக்கு “சார், எல்போ நாலு குறையுது” என்று போன் வந்தால் கடைக்கு ஓடுவது யார்? அதற்கு ஆள் இல்லையென்றால் கொத்தனாரும் சித்தாளும் உட்கார்ந்திருப்பார்கள், கூலி ஓடிக்கொண்டிருக்கும்.

முழு வீட்டுக்கும் ஒரே வழி என்று முடிவு கட்ட வேண்டியதில்லை. வேலைக்கு வேலை தனித்தனியாகத் தீர்மானிப்பதுதான் சரி. எப்படி என்று வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் ஒரு நோட்டு

அறை அறையாகப் போய் எழுதுங்கள். இரண்டு பத்தியாகப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் வீட்டின் கோளாறுகள், மறுபக்கம் உங்கள் ஆசைகள். ஓதம், கசிவு, விரிசல், அடிக்கடி விழும் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) எல்லாம் கோளாறு. புது டைல்ஸ், ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன் எல்லாம் ஆசை. கோளாறுப் பத்தி முடியாமல் ஆசைப் பத்திக்குப் போகாதீர்கள். ஓதச் சுவரில் எவ்வளவு விலை உயர்ந்த எமல்ஷன் அடித்தாலும் அடுத்த மழைக்குள் உரிந்து வரும்.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதை ஓரளவு நீங்களே கண்டுபிடிக்கலாம். தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை சுவரில் உப்புப் பூத்து, பூச்சு பொரிந்திருந்தால் பெரும்பாலும் அடித்தளத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. மழைக்காலத்தில் மட்டும் தெரிந்தால் மொட்டை மாடி, கைப்பிடிச் சுவர், சன்ஷேடு சேரும் இடங்களைப் பாருங்கள். கோடையிலும் காயாமல் இருந்தால் சந்தேகம் குழாய்மீதும் பாத்ரூம்மீதும் திரும்ப வேண்டும். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ஓவர்ஹெட் டேங்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் சுவருக்குள் ஏதோ ஒரு குழாய் கசிகிறது, இல்லையென்றால் ஃப்ளஷ் டேங்க் ஒழுகுகிறது. ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் கலர்ப் பொடி போட்டால் அதுவும் தெரிந்துவிடும்.

ஒவ்வொரு வேலைக்கும் ஒரே கேள்வி

பட்டியல் தயாரானதும் ஒவ்வொரு வரியின் முன்னாலும் இதைக் கேளுங்கள்: இது தப்பாகப் போனால் எங்கே தெரியும், திருத்த எதை உடைக்க வேண்டும்?

பெயின்ட் தப்பானால் சுவரிலேயே தெரியும், மறுபடி அடிக்கலாம். பாத்ரூம் தரைக்கு அடியில் வாட்டர்புரூஃபிங் தப்பானால் எட்டு மாதம் கழித்துக் கீழ்வீட்டுக் கூரையில் தெரியும். திருத்த டைல்ஸ், தரை, குழாய் எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும். ஒயரிங் தப்பானால் தெரியும் விதமே வேறு. வேலை கஷ்டமா சுலபமா என்பதைவிட இந்தக் கேள்விதான் நல்ல அளவுகோல். மாடுலர் சுவிட்ச் பெட்டிக்குள் ஒயர் முறுக்குவது கை வேலையாகப் பார்த்தால் மிகச் சுலபம். அதனால்தான் பலர் அதில் துணிந்து கை வைக்கிறார்கள்.

நீங்களே செய்யக்கூடியவை

உள் சுவர் பெயின்ட், ஆணித்துளைகளுக்குப் பட்டி பார்ப்பது, டைல்ஸ் இடுக்கில் பழைய குரவுட்டைச் சுரண்டிவிட்டுப் புதிது நிரப்புவது, கைப்பிடி, கீல், தாழ்ப்பாள் மாற்றுவது, கொசுவலை போடுவது, வெளியே தெரியும் குழாயை டெஃப்லான் டேப் சுற்றி மாற்றுவது எல்லாம் இதில் வரும். சனி ஞாயிறு கிடைத்தால் போதும்.

இதில் பெயின்ட்தான் உண்மையிலேயே பணம் மிச்சமாகும் வேலை, ஏனென்றால் அதன் செலவில் பெரும்பங்கு கூலி. பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் சேர்ந்து 440 சதுர அடி. கதவு, ஜன்னல் கழித்தால் 400 என்று வைத்துக்கொள்ளலாம். பிரைமர் அடித்த சுவரில் நல்ல எமல்ஷன் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்கு 60 சதுர அடி அளவில் வரும். ஆக ஏழு லிட்டர் போதும். கடைக்காரர் பத்து லிட்டர் வாளியைத் தள்ளுவார், நாலு லிட்டர் டப்பா ஒன்றும் ஒரு லிட்டர் டப்பா மூன்றுமாகக் கேட்டு வாங்குங்கள்.

நேரம் போவது பெயின்ட் அடிப்பதில் கிடையாது. பழைய பெயின்டைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, பட்டி வைத்து, காயவிட்டு, மறுபடி உப்புத்தாள் போட்டு, தூசி துடைத்து, பிரைமர் அடிக்கும் வரைக்கும் முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். அவசரப்பட்டு இதைத் தாண்டியவர்கள் சுவரை டியூப்லைட் வெளிச்சத்தில் பக்கவாட்டில் பார்த்தாலே தெரியும். புதிதாகச் சிமென்ட் பூசிய சுவராக இருந்தால் குறைந்தது 28 நாள் விடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. வீட்டு பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த எனாமல், குறிப்பாக ஜன்னல் கம்பி, கதவுகளில் இருப்பது, ஈயம் கலந்ததாக இருக்கலாம். அதை உலர்ந்த நிலையில் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நனைத்து வாட்டர் பேப்பரால் தேயுங்கள், சின்னக் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் அந்த நாட்களில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அடுத்தது, மாடியிலோ பின்கட்டிலோ பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருந்தால் அதைக் கிரைண்டரால் அறுப்பது, துளை போடுவது கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது.

வெளிச்சுவர் பெயின்டை உங்கள் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். சாரம் கட்டி ஏறுவது பழகியவர்களின் வேலை.

கை வைக்கவே கூடாதவை

சுவர் இடிப்பு முதலில். ஹாலையும் சமையலறையையும் ஒன்றாக்க வேண்டும் என்ற ஆசை இப்போது எல்லா வீட்டிலும் இருக்கிறது. பழைய வீடுகள் பலவற்றில் கான்கிரீட் தூணே கிடையாது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்தான் கூரையைத் தாங்குகிறது. அதை இடிக்கலாமா, இடித்தால் மேலே எந்த அளவில் பீம் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர் வேண்டும். “நாலரை அங்குலச் சுவர்தானே சார், தட்டிடலாம்” என்று மேஸ்திரி சொல்வது பல நேரம் சரியாகவே இருக்கும். ஆனாலும் தப்பாகும் அந்த ஒரு தடவைக்குப் பதில் சொல்லப் போகிறவர் அவர் இல்லை. இன்ஜினீயர் ஒருமுறை வந்து பார்த்து எழுதிக் கொடுக்க வாங்கும் கட்டணம் இடிப்புக் கூலியோடு ஒப்பிட்டால் பெரிதாக இருக்காது. மரக்கட்டை வரிசை மேல் செங்கல் அடுக்கிய மெட்ராஸ் டெரஸ் கூரை என்றால் இன்னும் கவனம் வேண்டும். கீழே சம்மட்டி அடிக்கும் அதிர்வே அதற்கு ஆகாது. கான்கிரீட் கூரையில் பூச்சு விழுந்து துருக் கம்பி தெரிந்தால் அதன்மேல் சிமென்ட் அப்பி மூடுவதும் வேண்டாம், உள்ளே துரு வேலையைத் தொடரும்.

கட்டடத்தின் அமைப்பை மாற்றினாலும், அறை கூட்டினாலும், மாடி எழுப்பினாலும் உள்ளாட்சி அனுமதி பற்றி முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இதற்குப் பொருந்தும். அடுக்குமாடிக் குடியிருப்பு என்றால் சங்கத்திடம் எழுத்தில் அனுமதி. பொதுச் சுவர், எல்லா வீட்டுக் குழாய்களும் இறங்கும் பைப் டக்ட், பால்கனி முகப்பு எதுவும் உங்கள் தனிச்சொத்து கிடையாது.

மின்சாரத்தில் கோடு எங்கே என்பதைச் சட்டமே சொல்லிவிட்டது. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளின்படி பல்பு, ஃபேன், ஃபியூஸ், சுவிட்ச் போன்றவற்றை அதே திறனில் மாற்றிப் போடுவது போக, மற்ற எந்த ஒயரிங் வேலையும் உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலம்தான் நடக்க வேண்டும். புது பிளக் பாயின்ட் இழுப்பதும் இதில் அடங்கும். நீங்கள் செய்ய வேண்டியது கேட்பது: லைட்டுக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுகிறாரா? எர்த் தனியாக ஓடுகிறதா? 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி உண்டா? எம்சிபி ஒயரைக் காக்கும், ஷாக் அடிக்கும்போது ஆளைக் காப்பது ஆர்சிசிபி. இதற்குக் கணக்குப் பார்க்காதீர்கள். சமையல் கேஸ் குழாயும் இதே ரகம், ஏஜென்சி மூலமே போகட்டும்.

பாத்ரூம்: ஆள் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருங்கள்

மராமத்தில் அதிகம் சொதப்புவது இந்த ஐந்துக்கு ஏழு அடி இடம்தான். நல்ல ஆளை வைத்தாலும், சில கட்டங்களில் நீங்கள் நேரில் நிற்க வேண்டும்.

பழைய தரையைப் பெயர்த்துப் புதுக் குழாய் பதித்தபின், சுவர்க் காடியைப் பூசி மூடுவதற்கு முன் பிரஷர் டெஸ்ட். கைப்பம்பில் அழுத்தம் ஏற்றி, மீட்டர் முள் நிற்கும் இடத்தை போட்டோ எடுத்து, இரவு முழுக்க விட்டுக் காலையில் ஒப்பிடுங்கள். பம்ப் இல்லாத பிளம்பர் “தண்ணி விட்டுப் பாத்தாச்சு சார்” என்பார். அது போதாது, பம்ப் கொண்டுவரச் சொல்லுங்கள். குழாய் போகும் பாதையையும் டேப் பிடித்து போட்டோ எடுத்துவைத்தால், பின்னால் டவல் ராடுக்குத் துளை போடும்போது குழாயில் போய் நிற்காது.

பிறகு வாட்டர்புரூஃபிங். தரைக்கு மட்டும் பூசினால் ஆகாது, சுவரில் ஓரடியாவது ஏற வேண்டும், ஷவர் பக்கம் இன்னும் மேலே. மூலையும், குழாய் தரையைத் துளைத்துப் போகும் இடமும்தான் முதலில் ஒழுகும். பூச்சு காய்ந்ததும் வடிகால் வாயைத் துணி வைத்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் மட்டத்தைக் கோடு போடுங்கள். 48 மணி நேரம். இதற்குள் கீழ்வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அவர் வீட்டுக் கூரையைப் போய்ப் பாருங்கள். வெயிலில் ஆவியாகி மட்டம் ஒரு நூல் இறங்கலாம், கூரையில் ஈரம் தெரியக் கூடாது. இந்த இரண்டு நாளும் ஆளுக்கு வேலை இல்லை என்பதால் யாரும் தானாக முன்வந்து செய்ய மாட்டார்கள். ஒப்பந்தம் பேசும்போதே சொல்லிவிட வேண்டும்.

டைல்ஸ் ஒட்டும்போது பின்பக்கம் கலவையை நாலு மூலையிலும் நடுவிலும் பொட்டுப் பொட்டாக வைத்து அழுத்துகிறார்களா என்று கவனியுங்கள். அப்படி வைத்தால் இடையில் காற்று நிற்கும். பிறகு பக்கெட் விழுந்தாலே டைல்ஸ் உடையும். பல் கரண்டியால் முழுவதும் இழுத்துத்தான் ஒட்ட வேண்டும். காய்ந்தபின் ஒரு ரூபாய் நாணயத்தால் ஒவ்வொன்றையும் தட்டுங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் சாக்பீஸில் குறி போட்டுவிட்டு மாற்றச் சொல்லுங்கள். கடைசியாக ஒரு மக் தண்ணீரைக் கதவோரம் ஊற்றுங்கள், அது யாரும் தள்ளாமல் வடிகாலுக்குப் போக வேண்டும்.

இரண்டாவது வழியில் போனால்

பொருளை நீங்களே வாங்குவது என்றால் கொத்தனார் கொடுக்கும் பட்டியலை வாங்கிக்கொண்டு, அளவை நீங்கள் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டுக்கு இரண்டு டைல்ஸ் ஒன்று நாலு சதுர அடி. அறைக் கணக்குக்கு மேல் பத்து சதவீதம் கூட்டி, எல்லாப் பெட்டியும் ஒரே பேட்ச் எண்ணா என்று பார்த்து வாங்குங்கள். பிறகு போய் ஒரு பெட்டி கேட்டால் நிறம் ஒரு சாயல் மாறி வரும். சிமென்ட் மூட்டையில் தயாரித்த வாரம் அச்சாகியிருக்கும், மூன்று மாதம் தாண்டியதைத் திருப்பி அனுப்புங்கள். பாறையை நொறுக்கிச் செய்யும் மணலில் பூச்சுக்குப் பி-சாண்ட், கட்டுமானத்துக்கும் கான்கிரீட்டுக்கும் எம்-சாண்ட். பூசிய சுவருக்குத் தண்ணீர் காட்டுவது உங்கள் வேலையாகத்தான் வந்து விழும். காலையும் மாலையும், வெயில் காலத்தில் நடுவிலும், குறைந்தது ஒரு வாரம், சாம்பல் கலந்த பிபிசி சிமென்ட் என்றால் பத்து நாள்.

கூலி பேசுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாள் கூலிக்கு விட்டால் வேலை நீளும், சதுர அடிக்கு விட்டால் வேலை பறக்கும். ஆகவே அளக்க முடிந்ததையெல்லாம் சதுர அடிக்குப் பேசுங்கள். பெயர்ப்பது, பேட்ச் பூசுவது, உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாத பழுது எல்லாம் நாள் கூலிக்கு. சதுர அடி பேசும்போதே கதவு, ஜன்னல் திறப்பைக் கழிப்பாரா, ஸ்கர்ட்டிங்கை (சுவரடியில் ஒட்டும் டைல்ஸ் பட்டை) ரன்னிங் அடியில், அதாவது நீளத்தை மட்டும் அளந்து, தனியாகக் கணக்குப் போடுவாரா, இடிபாட்டை யார் அள்ளுவது என்று கேட்டுவிடுங்கள். அந்த இடிபாடு இருட்டில் கால்வாய் ஓரம் கொட்டப்பட்டால் அபராதக் கடிதம் உங்களைத் தேடி வரலாம்.

ஆள் தேர்வும் பணமும்

ஒருவர் போன மாதம் முடித்த வீட்டைக் காட்டினால் பார்த்துப் பயனில்லை. எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வடகிழக்குப் பருவமழையைப் பார்த்த வீட்டைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே போனால் வீட்டுக்காரரிடம் “வேலை நல்லாருக்கா” என்று கேட்க வேண்டாம். “குறை சொன்னப்போ திரும்ப வந்தாங்களா?” என்று கேளுங்கள்.

மூன்று பேரிடம் எஸ்டிமேட் வாங்குவதில் அர்த்தம் இருக்க வேண்டுமானால் மூவரும் ஒரே வேலைக்கு விலை சொல்ல வேண்டும். உங்கள் நோட்டிலிருந்து ஒரே பட்டியலை, பிராண்டு, அளவு, எத்தனை கோட் என்பது வரை எழுதி மூவருக்கும் கொடுங்கள். பில் போடுபவர் என்றால் சொன்ன விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கமா என்று கேளுங்கள். பில் இல்லாமல் முடித்தால் மலிவுதான். ஆனால் தகராறு வந்தால் கையில் காகிதம் இருக்காது. பில், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய ரசீது இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரையான வேலைக்குக் கட்டணமும் இல்லை.

அட்வான்ஸ் என்று பாதித் தொகையைக் கொடுக்காதீர்கள். முதல் வாரப் பொருளுக்கு ஆகும் அளவு போதும். பிறகு இடிப்பு முடிந்ததும், குழாயும் ஒயரிங்கும் சோதித்ததும், டைல்ஸ் முடிந்ததும் என்று கட்டம் கட்டமாகக் கொடுங்கள். பத்து சதவீதம் கடைசிக்கு நிற்கட்டும். ஆட்களுக்கு வாரக் கூலி சனிக்கிழமை போய்ச் சேருகிறதா என்பதையும் ஒரு கண் பாருங்கள். மேலே கொடுத்த பணம் கீழே போகாவிட்டால் திங்கட்கிழமை யாரும் வரமாட்டார்கள். பழைய வீடு என்றால் மொத்தத்தில் கால் பங்கு இல்லாவிட்டாலும் ஐந்தில் ஒரு பங்காவது தனியாக எடுத்துவையுங்கள். பெயர்த்துப் பார்த்தால்தான் பழைய ஜிஐ இரும்புக் குழாய் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும்.

நாள் குறிப்பதில், மொட்டை மாடி வேலை எதுவானாலும் செப்டம்பருக்குள் முடியட்டும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முந்தைய வாரங்களில் பெயின்டர் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் பாதியில் இன்னொரு வீட்டுக்குப் போய்விடுவார். புதிதாக எதையும் தொடங்கப் பலர் தயங்கும் ஆடியில் நல்ல ஆள் கிடைக்க வாய்ப்பு அதிகம். சாஸ்திரம் தடுக்கவில்லை என்றால் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

வேலை முடிந்தது என்று சொல்லும் நாளில் மேஸ்திரியைக் கூட வைத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறங்கள், ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்துங்கள், கதவு ஜன்னல்களைத் திறந்து மூடுங்கள், குறைகளை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். மீந்த டைல்ஸில் ஒரு பெட்டி, பெயின்ட் டப்பா மூடியிலுள்ள ஷேடு எண், குழாய்ப் பாதை போட்டோக்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். எழுதிய குறைகள் தீர்ந்து, ஒரு நல்ல மழையோ இரண்டு மூன்று வாரமோ போனபின் அந்தப் பத்து சதவீதத்தைக் கொடுங்கள்.